முடிச்சுக்கு எட்டாத துணி

ஓமி ஹாச்சிமான்
1967 மார்ச் 8

அன்புத் தங்கை மிசாவோவுக்கு, ஷிகெனோ எழுதும் மடல்.

துக்க காலத்து மடலில் பருவத்தைப் பேசுவது முறையன்று என்பதால், பிளம் பூத்ததையும் ஏரி வெளுத்ததையும் எழுதாமல் விடுகிறேன். நீயும் மாப்பிள்ளை தெய்ஜியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே உன் அத்தானின் முதுகுப் பிடிப்பு சற்றுத் தணிந்திருக்கிறது.

அப்பா காலமான தந்தி அன்றே கிடைத்தது. அவ்வேளையில் நான் வர இயலாத நிலை. அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் அவரை உன் வீட்டில் வைத்துப் பேணியதற்காக, இவ்வீட்டின் மூத்த மகள் என்ற முறையில் தலை தாழ்த்தி நன்றி கூறுகிறேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நாற்பத்தொன்பதாம் நாள் ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை. அன்று அப்பாவின் அஸ்தி நம் குடும்பக் கல்லறையில் அம்மாவின் அருகில் சேர வேண்டும். கோயில் துறவியாரிடம் பேசி நேரம் குறித்தாயிற்று. நீ முந்தின நாள் மாலைக்குள் கலசத்தோடு வந்துவிடு.

இத்துடன் நம் வீட்டுச் சுற்றுத்துணியை அனுப்புகிறேன். ஊதாப் பட்டு, மூன்று சாண் சதுரம், நடுவில் வெள்ளையில் நம் குடும்ப முத்திரை. அம்மாவின் கலசத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இத்துணிதான். பெட்டியை மூலைவாட்டில் வைத்துக் கட்டு. முடிச்சு படுக்கையாக விழ வேண்டும். நிமிர்ந்து நின்றால் அவிழ்த்து மறுபடி கட்டு. ரயிலில் மேல் தட்டில் வைக்காதே, தரையில் வைக்காதே. மடியில் வைத்துக்கொண்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷிகெனோ


தோக்கியோ, சென்ஜு
மார்ச் 20

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, மிசாவோ வணக்கத்துடன் எழுதுவது.

துணி பத்திரமாக வந்து சேர்ந்தது. அத்தானின் முதுகு தேறி வருவது ஆறுதல். இங்கே நாங்கள் நலம். கடையைத் திறந்துவிட்டோம், முடி வளர்வது துக்கத்துக்காக நிற்பதில்லை.

அப்பா எப்படிப் போனார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அன்று திங்கட்கிழமை, சலூன் விடுமுறை. விடுமுறை நாளில் கண்ணாடிக்கு எதிரேயுள்ள நாற்காலியில் சாய்ந்து உட்காருவது அவருக்குப் பிடிக்கும். "ஓய் தெய்ஜி, இன்னிக்கு நான்தான் முதல் வாடிக்கை, காசு மட்டும் கேக்காத" என்பார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார். நான் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தபோது கண்ணாடியைப் பார்த்தபடியே போயிருந்தார்.

அக்கா, ஒரு சிக்கல். நீங்கள் அனுப்பிய துணி போதவில்லை. நீங்கள் சொன்னபடியே மூலைவாட்டில் வைத்துப் பார்த்தேன். எதிரெதிர் முனைகள் பெட்டியின் மேலே சந்திக்கவே இல்லை. நான்கு விரல் இடைவெளி நிற்கிறது. இழுத்துப் பிடித்தால் பட்டு கிழிந்துவிடும் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, மாமாவுக்குக் குல்லா போட்டுவிடுறியா?" என்றார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள்.

இதைவிடப் பெரிய துணி வீட்டில் இருந்தால் அனுப்புங்கள்.

குளிர் இன்னும் விடவில்லை. காலையில் நம் கடையின் உப்புமீன் தொட்டியில் கைவைக்கும்போது கவனமாக இருங்கள்.

மிசாவோ


ஓமி ஹாச்சிமான்
மார்ச் 27

மிசாவோவுக்கு.

நீங்கள் இருவரும் நலம் என்று அறிந்தேன். நாங்களும் நலம்.

உன் மடலை இரண்டு முறை வாசித்தேன். துணி போதவில்லை என்கிறாய். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே துணியில் அம்மாவின் கலசத்தைக் கட்டியது இந்தக் கைகள். முடிச்சுப் போட்ட பிறகும் முயல் காது போல இரண்டு முனைகள் மிஞ்சி நின்றன. அம்மா பேருடம்புக்காரி, அப்பாவோ ஒல்லி. அம்மாவுக்குப் போதுமாக இருந்த துணி அப்பாவுக்கு எப்படிப் போதாமல் போகும்? குறை துணியில் இல்லை. நீ வாங்கிய பெட்டியில் இருக்கிறது.

அஸ்திக் கலசம் என்பது இரண்டு கைக்குள் அடங்குவது. அதுதான் அழகு, அதுதான் முறை. தலைநகரத்துக் கடைக்காரன் பகட்டுக்காக விற்ற பானையை, நாலு பேர் பார்க்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுத் துணியைக் குறை சொல்கிறாய். போதாதற்கு மாப்பிள்ளையின் குல்லாப் பேச்சையும் எனக்கு எழுதுகிறாய்.

நம் கல்லறையின் வாய் உனக்கு நினைவிருக்கும். ஒரு கையளவு அகலம்; சிறு கலசம் உள்ளே போவதற்கென்றே தாத்தா வெட்டியது. உன் பானை அதில் நுழையாது.

மனத்தில் உள்ளதை மறைத்துப் பழக்கமில்லாதவள் நான். உன் மாமனார் வீட்டார் சென்ஜுவில் புதிதாகக் கல்லறை கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்பாவை அங்கேயே வைத்துக்கொள்ளும் எண்ணமிருந்தால் நேராகச் சொல்லிவிடு. துணியின் மேல் பழி போடாதே.

உடல்நலம் பேணவும்.

ஷிகெனோ


தோக்கியோ, சென்ஜு
ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய அக்காவுக்கு.

நலம் விசாரித்தமைக்கு நன்றி.

பானையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் அதே அளவுதான். ஒரு சாணுக்கு மேல் உயரம், இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். ஏனென்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

எரித்து முடித்த தட்டை வெளியே இழுத்தார்கள். நம் ஊரில் போல, தொண்டை எலும்பையும் மண்டையோட்டில் கொஞ்சத்தையும் இன்னும் சிலவற்றையும் எடுத்துவிட்டு நகரலாம் என்று நான் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தேன். அங்கிருந்த பணியாள் திடுக்கிட்டுவிட்டான்.

"என்னம்மா, வெச்சிட்டீங்க? பாதிகூட ஆகலியே."

"எங்க பக்கத்துல இவ்வளவுதாங்க எடுப்போம்."

"மிச்சத்த?"

"அங்கேயே விட்டுடுவோம்."

அவன் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். "அப்பாவுல பாதிய இங்க விட்டுட்டுப் போறீங்களா? இந்த ஊர்ல அப்படி வழக்கமே இல்லம்மா. எடுங்க, எடுங்க, எல்லாத்தையும் எடுங்க."

எல்லாவற்றையும் எடுத்தோம். கால் எலும்பு முதலில், தலை எலும்பு கடைசியில். எலும்பை இருவர் சேர்ந்தே பிடிக்க வேண்டும் அல்லவா? ஒரு சாப்ஸ்டிக் சோடி என்னிடம், மற்றொன்று என் வீட்டுக்காரரிடம். அவர் ஓய்ந்தபோது எதிர்வீட்டு அரிசிக்கடைக்காரர் பிடித்தார். கடைசியில் அந்தப் பணியாள் ஒரு சிறு தூரிகையால் தட்டைக் கூட்டி, பொடியையும் பானையில் சேர்த்தான். ஒரு துகளும் மிஞ்சவில்லை.

மூத்தவர் பிடிக்க வேண்டிய சாப்ஸ்டிக்கை அரிசிக்கடைக்காரர் பிடித்தார், அக்கா. ஓமி வழக்கத்தை எடுத்துச் சொல்ல அங்கே மூத்தவர் இல்லை.

மாமனார் வீட்டுக் கல்லறையில் என் மாமனார் இருக்கிறார். அப்பாவை அங்கே வைக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. பெரிய துணி அனுப்புங்கள். 15ஆம் தேதி வருகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

மிசாவோ


ஓமி ஹாச்சிமான்
ஏப்ரல் 8

மிசாவோவுக்கு.

நாள் நெருங்கிவிட்டதால் முகமன் எதுவுமின்றி எழுதுகிறேன்.

கல்தச்சன் கோச்சியை அழைத்துக் கேட்டேன். "பெரியம்மா, பிறந்த நாள் கேக்கை சாவித் துவாரத்துல திணிக்கச் சொல்றீங்களே" என்றான். வாயை அகலப்படுத்தலாமா என்றதற்கு, எழுபது வருடக் கல், உளி பட்டால் பிளந்தாலும் பிளக்கும் என்று தலையைச் சொறிந்தான்.

ஆகவே இப்படிச் செய். இரண்டு கைக்குள் அடங்கும் சிறு கலசம் ஒன்று வாங்கு. தொண்டை எலும்பை முதலில் வை. அது உட்கார்ந்த புத்தரின் வடிவில் இருக்கும், உடையாமல் எடு. தலை எலும்பில் சிறிது, நெஞ்செலும்பில் சிறிது, கையிலும் காலிலும் ஒவ்வொன்று. எஞ்சியதை அங்குள்ள ஏதாவதொரு கோயிலில், எல்லோர் எலும்பும் சேரும் பொது மேட்டில் சேர்த்துவிடு. சிறு கலசத்தை நான் அனுப்பிய துணியில் கட்டு. அழகாக முடிச்சு விழும்.

இதில் வருந்த ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் காலங்காலமாக நடப்பதுதான். அம்மாவுக்கும் இப்படித்தான் செய்தோம். அப்போது நீ வாய் திறக்கவில்லை.

30 பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று.

ஷிகெனோ


தோக்கியோ, சென்ஜு
ஏப்ரல் 12

அக்காவுக்கு.

அம்மாவின் எலும்பை எடுத்தபோது மிஞ்சியதைத் தட்டிலேயே விட்டு நகர்ந்தோம். யாரும் யாரையும் பொறுக்கி எடுத்துத் தள்ளவில்லை. இப்போது நீங்கள் சொல்வது வேறு. மூடி வைத்த பானையைத் திறந்து, உள்ளே இருப்பவரை இரண்டாகப் பிரி என்கிறீர்கள்.

நேற்று உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு சிறு கலசம் வாங்கிவந்தேன். பெரியதன் மூடியைத் திறந்தேன். மேலாகத் தலை எலும்பு. அதற்குக் கீழே நீளமாக ஒன்று கிடந்தது. கையா காலா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிட்டேன்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு அழகான கையெழுத்து. கடிதம் எழுதும் முறைகளையெல்லாம் புத்தகம் வைத்துத் தாமாகவே கற்றவர் நீங்கள். அப்பாவில் எதெதை வேண்டாம் என்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். நமக்குப் புத்தாண்டுக் காற்றாடி கட்டிய விரல்களா? ஏரிக்கரையில் உங்களை உப்புமூட்டை தூக்கிய தோளா? கையொப்பமிட்டு அனுப்புங்கள். அதன்படி செய்கிறேன்.

அதுவரை நான் வருவதாக இல்லை. துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மிசாவோ


ஓமி ஹாச்சிமான்
மே 2

மிசாவோவுக்கு.

பருவம் நன்று, உடல்கள் நன்று. போதும்.

நாற்பத்தொன்பதாம் நாள் நடந்தது. எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். துறவியார் மந்திரம் ஓதினார். எதிரே படம் இருந்தது. கலசம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை விரிப்பு மட்டும் இருந்தது. நாகாஹாமா அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏண்டி ஷிகெனோ, ஆளே இல்லாம நாப்பத்தொம்பதா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வராம விருந்து போட்ட மாதிரி இருக்கே" என்றாள். 30 பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு தின்றார்கள். நான் கிண்ணங்களில் சாக்கே மது ஊற்றிக்கொண்டே, "வழியிலே தாமதம்" என்றேன். என் வாழ்நாளில் விருந்தினரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் துணியை அனுப்பினாயே, அதைப் பொறுக்க மாட்டேன்.

உறையைப் பிரித்தேன். துணியை விரித்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு தீப்பெட்டி இல்லை, இரண்டு தாள் இல்லை. எதிரி வீட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்தாலும் மடிப்புக்குள் ஏதாவது ஒன்றை வைத்துத்தான் கொடுப்பார்கள். அண்டைவீட்டு வேலைக்காரிக்கும் தெரிந்த மரியாதை. வெறுந்துணி அனுப்புவது, 'இனி உனக்கும் எனக்கும் போக்குவரத்து இல்லை' என்று முகத்தில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். அம்மாவைச் சுமந்த துணியை எனக்கு வெறுமையாக அனுப்பினாய். மறந்துவிட்டாயா, தெரிந்தே செய்தாயா? மறந்திருந்தால் மன்னிப்புக் கேள். தெரிந்தே செய்திருந்தால் அதையும் எழுது.

ஷிகெனோ


தோக்கியோ, சென்ஜு
மே 9

அக்காவுக்கு.

தெரிந்தேதான் செய்தேன்.

இதை எழுதக்கூடாது என்றிருந்தேன். அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இப்போது எழுதுகிறேன்.

ஜனவரி மாதம் கொசுவலை வியாபாரி ததேனோ ஊருக்குத் திரும்பும்போது, அப்பா அவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். உள்ளே அசாகுசாக் கடற்பாசி, அதன் மேல் ஒரு கடிதம். தம்முடைய பழுப்புப் பருத்தித் துணியில் தாமே கட்டினார். கை நடுங்கியதால் முடிச்சு நிமிர்ந்து நின்றது. அவிழ்த்து அவிழ்த்து நான்கு தடவை கட்டினார். "உங்கக்கா முடிச்சப் பார்த்துத்தான் உள்ள இருக்கறதையே பிரிப்பா" என்றார். கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். பிளம் பூக்கும்போது வீடு திரும்பலாமா? கால்வாய்ப் பக்கத்து மாடி அறை போதும், கடைக்குள் காலடி வைக்க மாட்டேன், மருமகனைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 10 அன்று ததேனோ திரும்பி வந்தார். துணி துவைத்து, தேய்த்து, விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்திருந்தது. அப்பா அதை விரித்தார். உதறினார். திருப்பிப் போட்டு மறுபடி உதறினார். "மிசாவோ, உன் கண்ணு நல்ல கண்ணு, நீ ஒரு தடவை உதறிப் பாரு" என்றார். நானும் உதறினேன், அக்கா. ஒன்றுமில்லாத துணியை அவர் கண் முன்னால் உதறினேன்.

ததேனோவைக் கேட்டார். அவர் பாவம், கால் மாற்றி கால் மாற்றி நின்றார். "பதில் எதாச்சும் உண்டாங்கன்னு கேட்டேங்க. 'அதான் துணி இருக்கே, கொண்டு போங்க'ன்னாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்களுக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். அப்பா தடுத்துவிட்டார். "விடு. அவளுக்குக் கோபம் வந்தா ரெண்டு வேளை சாப்பிட மாட்டா. இதச் சொல்லி அதக் கிளப்பாத" என்றார். பதினேழு நாள் கழித்து அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வெறுந்துணிக்கு என்ன பொருள் என்று எனக்குக் கற்பிக்க வேண்டாம்.

மிசாவோ


ஓமி ஹாச்சிமான்
ஜூலை 2

மிசாவோ,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதத் தெரியவில்லை. கற்ற முறைகளில் இதற்கு ஒரு முறையும் இல்லை.

பெட்டி ஜனவரி 30 அன்று வந்தது. கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், வேலையாட்கள் முன்னிலையில் அவர் உன் அத்தானை 'உப்புக்கும் உதவாதவன்' என்றார். 'அப்படியானால் உதவுகிற மருமகன் வீட்டுக்குப் போங்கள்' என்றேன் நான். அன்று பிற்பகலே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனார். ஒரு சொல் சொன்னதற்கு மூன்று ஆண்டுகள் முகம் காட்டாதவர், இப்போது வரலாமா என்று கேட்கிறார். எனக்கு மகிழ்ச்சி, மிசாவோ. அவர் திரும்பி வருகிறார் என்பதற்காக அல்ல. அவர் இறங்கி வந்துவிட்டார் என்பதற்காக.

இன்னொரு முறை கேட்கட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கேட்டால் வாருங்கள் என்று எழுதலாம் என்றிருந்தேன். மாடி அறையைத் துடைத்துப் பாயும் மாற்றிவிட்டேன். துணியை மடித்தபோது அருகே தீப்பெட்டி இருந்தது. எடுத்தேன். மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

தந்தி வந்த அன்று உன் அத்தானுக்கு முதுகு நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் ஒன்றுமில்லை. வரவில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாது என்று வரவில்லை.

உரிமை பேச எனக்கு வாயில்லை. அப்பா அங்கேயே இருக்கட்டும். உன் மாமனார் வீட்டாரிடம் கேட்டு அவர்கள் கல்லறையில் சேர்த்துவிடு. முழுமையாக.

ஷிகெனோ


தோக்கியோ, சென்ஜு
ஜூலை 8

அக்கா,

மாட்டேன்.

அவ்வளவு எளிதில் கைகழுவிவிட்டுப் போக உங்களை விட மாட்டேன். முதலில் பாதியை வேண்டாம் என்றீர்கள். இப்போது முழுவதையும் வேண்டாம் என்கிறீர்கள். இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்கிறது. அப்பா மாமனார் வீட்டுக் கல்லறையையும் கேட்கவில்லை, தாத்தா வெட்டிய கல்லறையையும் கேட்கவில்லை. மாடி அறையைக் கேட்டார்.

நான் கொண்டுவர மாட்டேன். என் மடி ஓய்ந்துவிட்டது. நீங்கள் வாருங்கள். வந்து, அந்த நாற்காலியைப் பாருங்கள். பிறகு உங்கள் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். வழியெல்லாம் கனக்கட்டும்.

பட்டுத் துணியைக் கொண்டுவராதீர்கள். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மெத்தை கட்டிய, கொடிக்கோலம் போட்ட பச்சைத் துணி இருக்கிறது. ஆறு சாண். பெட்டியைச் சுற்றியும் மிஞ்சும். கேலிப் படத்தில் திருடன் முதுகில் தொங்குமே, அதே பச்சைத் துணி. ஹாச்சிமான் தெருவில் நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

திங்கட்கிழமை வாருங்கள். கடை விடுமுறை.

மிசாவோ


ஓமி ஹாச்சிமான்
ஜூலை 27

அன்புள்ள மிசாவோவுக்கு.

வெயில் கடுமை. மாப்பிள்ளைக்கு வியர்க்குரு வந்திருந்ததே, தேறியதா? அன்று உன் வீட்டில் நான் ஒரு வாய்ச் சோறும் உண்ணாமல் கிளம்பியதற்கு மன்னிப்பாய். நீ ரயிலடி வரை வந்தும் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அதுவும் சரிதான்.

ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண், "மெலான் பழங்களாம்மா? இவ்வளவு பெருசா கட்டியிருக்கீங்க, மேல வெச்சிட்டு நிம்மதியா உக்காருங்களேன்" என்றாள். "எங்கப்பா" என்றேன். அவள் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். மைபாராவில் வண்டி மாறி, வீடு வரும்வரை நான் கீழே வைக்கவில்லை. தெருவில் சிரித்தார்கள். நாகாஹாமா அத்தை வாசலில் நின்று, "என்னடி ஷிகெனோ, எந்த வீட்டுல கொள்ளை?" என்றாள். "சென்ஜுவுல" என்றுவிட்டு உள்ளே போனேன்.

மாடி அறையில், ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். துணியை அவிழ்க்கவில்லை. கோச்சி உளியோடு வந்தான். கல் பிளந்தாலும் பரவாயில்லை, வாயை அகலமாக வெட்டு, ஆனால் இந்த ஆண்டு வேண்டாம், அவர் இங்கே தங்க வந்திருக்கிறார் என்றேன். வாயைப் பிளந்துகொண்டு போனான்.

உன்னிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை. ஆகவே இதையும் எழுதுகிறேன். எனக்குக் கோபம் தீரவில்லை. உன்மேல் இல்லை. நேற்று உப்பில் கிடந்த மீனை எடுத்துக் கழுவும் நாள்; கீழே ஏழு பேர் குழாயடியில் வேலையாக இருந்தார்கள். அப்பாவுக்குத் தேநீர் வைக்க மாடி ஏறினேன். வைத்துவிட்டுத் திரும்பியவள், படியில் நின்றுவிட்டேன். "நாற்பத்தாறு வருஷம் என்னப் பார்த்தீங்களே, ஒரு வெறுந்துணியைப் பார்த்து நம்பிட்டீங்களா? பொண்ணு எப்படிப்பட்டவன்னு தெரியாதா? வந்து கதவத் தட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். எவ்வளவு சத்தமாகக் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. கீழே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

நான் இறங்கி வரும்வரை ஒருவரும் குழாயைத் திறக்கவில்லை.

ஷிகெனோ